ஆப்பிரிக்கச் சுருள்முடி கொண்ட குழந்தைக்குத் தலைமுடிப் பராமரிப்பு

ஆப்பிரிக்க வம்சாவளிக் குழந்தைகளின் முடி பார்வைக்கு அடர்த்தியாகவும் வலுவாகவும் தோன்றினாலும், தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நெருக்கமான சுருள்களின் வழியே நுனிவரை எளிதில் இறங்காததால், அது விரைவில் வறண்டு வளைவுகளில் முறிந்துவிடுகிறது. ஆகவே தினமும் ஷாம்பு போட வேண்டாம். 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை, சல்பேட் (எண்ணெய்ப்பசையை அதிகமாக நீக்கும் நுரைப்பொருள்) இல்லாத ஷாம்புவால் தலைத்தோலை விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்துக் கழுவினால் போதும்.

சிக்கெடுப்பதற்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டும். உலர்ந்த முடியில் சீப்பை வைக்கவே கூடாது. முடியை 4 முதல் 8 பகுதிகளாகப் பிரித்து, ஈரம் இருக்கும்போதே கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, முதலில் விரல்களாலும் பின்னர் அகன்ற பல் சீப்பாலும், நுனியில் தொடங்கி வேரை நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுங்கள். வேர்ப்பகுதியை மறுகையால் பிடித்துக்கொண்டால் வலி குறையும். குழந்தை அழுதால் நிறுத்திவிடுங்கள். அந்த அழுகையைப் பிடிவாதம் என்று கருதுவது தவறு.

ஈரம் காயும் முன், அலசத் தேவையில்லாத கண்டிஷனரையும் அதன்மேல் சிறிதளவு ஷியா வெண்ணெயையும் பூசுங்கள். கானாவிலும் புர்கினா ஃபாசோவிலும் பெண்கள் ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் இந்த வெண்ணெய், ஈரம் விரைவில் வெளியேறாமல் காக்கிறது.

பின்னலை இறுக்காதீர்கள். நெற்றியோரத்தில் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள், ஏனெனில் நெடுநாள் இழுபடும் வேர்களில் முடி மீண்டும் முளைக்காமலே போகலாம். இரவில் வழுவழுப்பான சாட்டின் துணியாலான தலையணை உறை நல்லது. பருத்தி ஈரத்தை உறிஞ்சிவிடும்.