மலைக்குள் ஒரு கைதி: ஆதிகால அயல்கிரக உயிரைக் கதைக்குள் அடைப்பது எப்படி?

அறிவியல் புனைகதை எழுத வருகிற பலருக்கும், யுகயுகமாக அடைபட்டுக் கிடக்கும் அயல்கிரக உயிர் மேல் ஒரு மயக்கம் உண்டு. எனக்கும் உண்டு. மேலூர்ப் பக்கத்துக் குன்று ஒன்றுக்குள் அப்படி ஒன்றைப் பூட்டி ஒரு குறுநாவலை முடித்திருக்கிறேன். அந்தச் சூட்டோடு செய்முறையையும் எழுதிவிடுகிறேன். வசனம், பாத்திரம், நடை பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. கைதியை மட்டும் பார்ப்போம்.

படி 1: மலையைத் தேர்ந்தெடுங்கள்

மதுரைக்காரர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தை எடுத்துப் புரட்டுங்கள். சமணர் செய்த வேள்வியில் பிறந்து மதுரையை அழிக்க வந்த யானை அம்பு பட்டு ஆனைமலையாகக் கிடக்கிறது. பாம்பு நாகமலை. மாயப் பசு பசுமலை. வெளியிலிருந்து ஏவப்பட்டு, வீழ்த்தப்பட்டு, கல்லாகிப்போன மூன்று பேர் ஊரைச் சுற்றிப் படுத்திருக்கிறார்கள். விண்கலம் ஒன்றுதான் பாக்கி.

ஆனாலும் அந்த மலைகளை அப்படியே தூக்கிக் கதையில் வைக்காதீர்கள். மக்கள் கும்பிடுகிற இடங்கள் அவை. சமணரை வில்லனாக்கும் பழைய வழக்கத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு வருவீர்கள். ஒத்தக்கடைக்கும் மேலூருக்கும் நடுவே கற்பனையாக ஒரு குன்றை வைத்துக்கொள்வது நல்லது. எழுதும் முன் ஏதாவது ஒரு சமணர் குகைக்குப் போய்வாருங்கள். மதிய வெயிலில் வெளிப்பாறையைத் தொட முடியாது. உள்ளே கற்படுக்கையில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். குகை முகப்புக்கு மேலே மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அதைக் கட்டாயம் பாருங்கள். 2,000 ஆண்டுகளுக்கு முன்பே யாரோ தண்ணீரைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். உங்கள் சிறையைக் கட்டியவர்களும் யோசித்தாக வேண்டும்.

படி 2: முதல்ல சிறை, அப்புறம்தான் உயிர்

எத்தனை கண், எத்தனை கை என்று படம் போட ஆரம்பிக்காதீர்கள். சுவர் எதைத் தடுக்கிறதோ அதுதான் கைதியின் பலம். வெறும் கல்சுவர் போதுமென்றால் உங்கள் கைதி ஒரு பெரிய விலங்கு, அவ்வளவுதான். வெப்பத்தைத் தாங்கும் சுவர் வேண்டுமென்றால் அது சூடாகிற உயிர். சத்தத்தை விழுங்கும் சுவர் என்றால் அது பேசியே ஆளைக் கெடுக்கும்.

என் கதையில் சுவர் டங்ஸ்டன். உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ். உலோகங்களிலேயே இதுதான் அதிகம். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்க ஏலம் பெரிய போராட்டமாகி, 2025 ஜனவரியில் ரத்தானது உங்களுக்கு நினைவிருக்கும். 'மலைக்குள் ஏன் டங்ஸ்டன் இருக்கிறது?' என்ற கேள்விக்கு ஒரு புனைகதைக்காரன் சொல்லும் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வசதியும் உண்டு. டங்ஸ்டன் தாதுக்களில் ஒன்றான சீலைட், குற்றலை புற ஊதா விளக்கு பட்டால் நீலமாக ஒளிரும். இருட்டில் நாயகி விளக்கை அடிக்கும்போது பாறையில் கம்பிகளின் வரிசை தெரிந்தால் போதும். சிறை என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

படி 3: சோறு போடுங்கள்

இந்தப் படியில்தான் என் குறுநாவல் வெகுநாள் நின்றுபோனது. அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

'அது பல்லாயிரம் ஆண்டுகளாக உறங்கியது' என்று ஒரே வரியில் தாண்டிவிடலாம்தான். வாசகர் விடமாட்டார். உறங்கினாலும் உயிர் உயிர்தான், எதையாவது தின்ன வேண்டும். சைபீரியாவின் உறைநிலத்திலிருந்து எடுத்த ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர், 24,000 ஆண்டுகளுக்குப் பிறகு எழுந்து பெருகியது என்று 2021இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் அதற்குப் பனி வேண்டும். மதுரை வெயிலில் அந்தக் கதை எடுபடாது.

எனக்கு வழிகாட்டியது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். ம்போனெங் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு பாக்டீரியா வாழ்கிறது. சூரிய ஒளி கிடையாது, காற்று கிடையாது. பாறையில் உள்ள யுரேனியம் சிதையும்போது வரும் கதிர்வீச்சு, விரிசலில் உள்ள நீரைப் பிளக்கிறது. அதில் வரும் ஹைட்ரஜனும், அதே கதிர்வீச்சின் வேலையால் பாறையிலிருந்து உருவாகும் சல்பேட்டும்தான் அதற்குச் சாப்பாடு. நம் ஊர் கிரானைட் வகைப் பாறைகளிலும் டன்னுக்குச் சில கிராம் யுரேனியம் இருக்கும். விரிசல் உண்டு, மழைநீர் உண்டு. ஆக, மலையே அந்தக் கைதிக்குச் சோறு போடுகிறது. ஆனால் மகாக் குறைந்த சோறு.

அந்தக் குறைவுதான் கதைக்கு வரம். சாப்பாடு குறைந்தால் வேகம் குறையும். ஆழ்நிலத்து நுண்ணுயிர்களில் சில ஒருமுறை பிரிந்து பெருகவே நூற்றாண்டுகள் ஆகலாம் என்கிறார்கள். அப்படியானால் உங்கள் கைதிக்கு ஒரு சொல்லை நினைக்கவே ஒரு தலைமுறை ஆகும். ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையின் கல்வெட்டு கி.பி. 770ஐச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஒரு பாண்டிய அமைச்சர் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் வருகிறது என்று வையுங்கள். கேட்டவர் இல்லை. கேள்வி என்ன என்பதும் யாருக்கும் தெரியாது. பதில் மட்டும் பாறை வழியாக அதிர்ந்து வருகிறது. கிரானைட்டில் ஒலி வினாடிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஆகவே தாமதம் பாறையில் இல்லை, நினைப்பில்தான்.

படி 4: காவலர்களைக் கொல்லுங்கள், விதிகளை மிச்சம் வையுங்கள்

சிறை வைத்தவர்கள் இன்னும் உயிரோடு இருந்தால் அவர்களே வந்து பார்த்துக்கொள்வார்கள். நமக்கு வேலையில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனைமலைக் கல்வெட்டிலேயே இதற்கு ஒரு மாதிரி இருக்கிறது. கோயிலை எடுத்த மாறன் காரி குடமுழுக்குக்கு முன்பே இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்திருக்கிறார். காவல் கைமாறும்போது ஏதோ ஒன்று விட்டுப்போகும். அதுதான் உங்கள் ஓட்டை.

எச்சரிக்கைப் பலகை வைக்கலாமே என்றால், எழுத்து நிற்காது. மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டார். பிராமி எழுத்தில் பொறித்த அந்த வகைக் கல்வெட்டுகளில் இருப்பது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல்தான் எடுத்துக்காட்டினார். நம் ஊரில், நம் மொழியில் இருந்ததற்கே இந்தக் கதி. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் அணுக்கழிவுக் கிடங்குக்கு 10,000 ஆண்டு எச்சரிக்கை வேண்டும் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள், முள் முள்ளாகக் கல்தூண்கள் நடலாமா என்று கூட யோசித்தார்கள். தாமஸ் செபியோக் என்ற குறியியல் அறிஞர் வேறு வழி சொன்னார்: சடங்காகவும் கதையாகவும் கடத்துங்கள் என்றார்.

அழகர்கோயிலின் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டவர்களுக்கு இது புதிதா என்ன? மூடிய கதவுக்குத்தானே அங்கே சந்தனம். அந்த ஒழுங்கைப் பார்த்துப் படியுங்கள், கோயிலை நகலெடுக்காதீர்கள். என் குன்றில் ஒரு கிழவி சொல்வதாக எழுதினேன்: "அந்தப் பாறைப் பக்கம் ஆட்டைப் பத்தாதீக. உள்ள இருக்கவுக தூங்குறாக." கைதிக்குப் பெயரும் இதிலேயே வந்துவிட்டது. பெயர் உருவாக்கும் இணையதளங்களில் போய் வாயில் நுழையாத மெய்யெழுத்துகளை அள்ளிக்கொண்டு வராதீர்கள்.

கருவிகள்

காலவரிசைக்கு எக்செல் போதும். ஒரு பத்தியில் உலகத்தின் ஆண்டு, பக்கத்தில் கைதி உணர்கிற காலம். இந்த இரண்டு பத்திகள் இல்லாமல் எழுதுபவர்கள் நடுவில் கண்டிப்பாகக் குழம்புவார்கள். மைண்ட் மேப் செயலிகள் எனக்கு ஒத்துவரவில்லை. வட்டம் போடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. மலையின் குறுக்குவெட்டைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் வரையுங்கள்.

பின்சேர்க்கை 1

நிலவியல் படிக்கும் வாசகர் ஒருவர் ஒரு சிக்கலைக் காட்டினார். மதுரை வட்டாரப் பாறைகள் பல, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 900 டிகிரிக்கும் மேல் வெந்து உருமாறியவை. அதற்கு முன்பே கைதி உள்ளே இருந்ததாக எழுதினால், அதுவும் கூடவே வெந்திருக்க வேண்டும். ஆகவே ஒன்று, பாறை ஆறியபின் உள்ளே வைத்ததாக எழுதுங்கள். இல்லையென்றால் அந்த வேக்காடே தண்டனையின் முதல் பகுதி என்று வையுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. டங்ஸ்டன் சுவருக்கும் அது பொருந்துகிறது.

பின்சேர்க்கை 2

'அவ்வளவு சக்தி உள்ளவர்கள் அதை ஏன் கொல்லவில்லை?' என்று பலர் கேட்டுவிட்டார்கள். 'கொல்ல முடியாது' என்பது சோம்பேறிப் பதில். அது ஒரு தண்டனைக் கைதி, காலம் குறித்த தண்டனை என்று எழுதிப் பாருங்கள். காலம் எப்போதோ முடிந்துவிட்டது. திறந்துவிட வேண்டியவர்கள்தான் இல்லை. இப்போது குவாரிக்காரர்கள் கல் அறுக்கும் கம்பி ரம்பத்தை இறக்கும்போது உங்கள் நாயகி அதைத் தடுப்பாளா, விடுவாளா என்று முடிவு செய்யுங்கள். அந்த முடிவைக் கதையின் நடுவிலேயே எடுக்கவையுங்கள். கடைசி அத்தியாயம் வரை தள்ளினால், திறந்தபின் அது என்ன செய்கிறது என்று எழுத இடம் இருக்காது.