கார் ஸ்பீக்கருக்கு ஆம்ப் வாங்கும் முன்

ஆம்ப் (ஸ்டீரியோவின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 1000 வாட்ஸ், 2000 வாட்ஸை மறந்துவிடுங்கள். அது கண நேர உச்சக் கணக்கு. தொடர்ந்து எவ்வளவு தரும் என்பதை ஆர்.எம்.எஸ். வாட்ஸ்தான் சொல்லும். அதையும் எத்தனை ஓம்ஸில் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) என்று சேர்த்தே பார்க்க வேண்டும். ‘4 ஓம்ஸில் 60 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., 4 சேனல்’ என்று தெளிவாகப் போடாத ஆம்ப்பை வாங்காதீர்கள்.

‘50×4’ என்று அச்சிட்ட ஸ்டீரியோக்களே சேனலுக்கு 15 முதல் 22 வாட்ஸ் வரைதான் உண்மையில் தருகின்றன. 60 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஸ்பீக்கரை அதில் மாட்டி முழுக்கத் திருகினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும்; டுவீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) கருகிப்போகலாம். அதனால் ஸ்பீக்கர் 60 என்றால் ஆம்ப் 60 முதல் 75 வரை இருக்கட்டும். கொஞ்சம் கூடுதலான ஆம்ப்பை அளவாக வைத்துக் கேட்பது, சின்ன ஆம்ப்பை வதைப்பதைவிட ஸ்பீக்கருக்கு நல்லது.

ஒரே சேனலில் இரண்டு 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை இணையாக மாட்டினால் 2 ஓம்ஸ் ஆகிவிடும். 4 ஓம்ஸுக்குக் குறைந்தால் தாங்காத ஆம்ப் அதில் சூடேறி அணைந்துபோகும். ஆளுக்கொரு சேனல் கொடுப்பதே முறை. கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. அவுட் (ஆம்ப்புக்கு சிக்னல் கொடுக்கும் துளை) இல்லையென்றால், ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப்பாகக் கேளுங்கள்.

ஆம்ப்பில் கிளாஸ் டி, கிளாஸ் ஏபி என்று வகைகள் உண்டு; மின்சாரம் குறைவாக இழுக்கும் கிளாஸ் டி வாங்குவது உத்தமம். நான்கு சேனலும் 60 என்றால் மொத்தம் 240 வாட்ஸ். 80 சதவீதத் திறனில் 300 வாட்ஸ் இழுக்கும், அதை 13.8 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 22 ஆம்பியர். 8 கேஜ் (வயரின் தடிமன் அளவு) செம்பு வயரும் 30 ஆம்பியர் ஃபியூஸும் போதும். ஏபி வகை இதே சத்தத்துக்கு 30 ஆம்பியரைத் தாண்டும், சூடும் அதிகம். சித்திரை வெயிலில் சீட்டுக்கு அடியில் அது திணறும்.

வயரில் மலிவு பார்க்காதீர்கள். செம்பு பூசிய அலுமினியம் நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக் காற்றில் சீக்கிரம் அரித்துப்போகும். எர்த் வயர் ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். பாடியில் பெயிண்ட்டைச் சுரண்டி, வெறும் தகடு தெரிந்தபின் போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் வரும். ஆர்.சி.ஏ. கேபிளைப் பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோங்கள்.

ஆம்ப்பை டிக்கித் தரையில் வைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் முதலில் நனைவது அதுதான். பின் சீட்டின் முதுகில் பிளைவுட் அடித்து மாட்டலாம்.

ஆம்ப்பில் உள்ள கெயின் திருகு வால்யூம் அல்ல; ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துவது. ஸ்பீக்கரைக் கழற்றி, பாஸ் பூஸ்ட்டை அணைத்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து 1000 ஹெர்ட்ஸ் டோன் போடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, 15.5 வோல்ட் வரும்வரை கெயினைத் திருப்புங்கள் (60 வாட்ஸ் × 4 ஓம்ஸ் = 240, அதன் வர்க்கமூலம்). தாழ் ஒலியைத் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பிறகு ஸ்பீக்கரை மாட்டி, தவில் பதிவு ஒன்றைக் கேளுங்கள்; வலந்தலை (தவிலின் வலப்பக்கம்) அடி தகரம் தட்டியதுபோல் கேட்டால் கெயினைக் குறையுங்கள்.

மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருந்தே ஆக வேண்டும். குறுவை, சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி பானட்டுக்குள் ஏறி வயரைக் கடிக்கும். தோல் உரிந்த பவர் வயர் பாடியில் பட்டால், அந்த ஃபியூஸ் மட்டுமே வண்டியை நெருப்பிலிருந்து காக்கும். வயர் முழுவதையும் நெளிகுழாய்க்குள் விட்டு இழுங்கள்.