ஜாக் வேலை செய்யவில்லையா? ஜாக்கைக் கழற்றுவதற்கு முன்னால்

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கி வாழும் வசதியுள்ள பெரிய வண்டி) வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனம் ரொம்பப் பிடித்த இடம். அங்கே தரை எங்கேயும் சமமாக இருக்காது. அதனால் வண்டிக்கு அடியில் ஜாக் எனப்படும் நான்கு கால்கள் இருக்கும், ஒரு பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ள அவை இறங்கும். வண்டியை நிறுத்தி, பட்டனை அழுத்தி, நான்கு கால்களும் இறங்கி வண்டி மட்டமானால்தான் உள்ளே ஃபிரிட்ஜ் ஒழுங்காக ஓடும் (கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் சாய்ந்து நின்றால் கெட்டே போகும்), படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறாமல் தூங்கலாம். அந்த நேரம் பார்த்து ஒரு கால் மட்டும் இறங்க மறுக்கும். உடனே பெரும்பாலானவர்கள் செய்வது, அந்த ஜாக் போய்விட்டது என்று முடிவு கட்டி விலை விசாரிப்பது. ஜாக் என்பது உண்மையில் ஒரு சிலிண்டர், ஒரு தண்டு, சில சீல்கள், அவ்வளவுதான். கெடுவதற்கு அதில் இருப்பது கொஞ்சம். அதனால் சந்தேகப்பட வேண்டியவற்றில் அதைக் கடைசியில் வையுங்கள்.

முதலில் பேட்டரி. பம்ப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல்கூட இழுக்கும். பலர் மல்டிமீட்டரை வைத்து 12.6 வோல்ட் காட்டுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். அது சும்மா இருக்கும்போது வரும் கணக்கு. பம்ப் ஓடும்போது, பம்ப் மோட்டாரின் முனையிலேயே வைத்துப் பாருங்கள். அங்கே 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம், இல்லையென்றால் வழியில் எங்கோ துருப்பிடித்த இணைப்பு, பெரும்பாலும் எர்த் கேபிள். பம்புக்குக் கரண்ட் தருவது எஞ்சின் பேட்டரியா, உள்ளே விளக்கு போன்றவற்றுக்குக் கரண்ட் தரும் பேட்டரியா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும், அதைத் தெரிந்துகொள்ளாமல் தவறான பேட்டரியை மாற்றியவர்கள் உண்டு. இன்னொன்று, பார்க்கிங் பிரேக் போடாமல் பல சிஸ்டங்கள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பிரேக் போட்டிருந்தாலும் அதன் சுவிட்ச் சரியாகச் சொல்லாவிட்டால் ஜாக்குகளை இயக்கும் பட்டன்கள் உள்ள டச் பேட் செத்த மாதிரிதான் கிடக்கும்.

அடுத்தது ஆயில். இதில் நடக்கும் தப்பு சின்னதாகத் தெரியும், ஆனால் அடிக்கடி நடப்பது. ஜாக்குகள் இறங்கி நிற்கும்போது டேங்க் மூடியைத் திறந்து, அளவு குறைவாக இருக்கிறதே என்று நிரப்பிவிடுவது. இறங்கிய சிலிண்டர்களுக்குள் இருக்கும் ஆயில் எல்லாம் ஜாக் மேலே ஏறும்போது டேங்குக்குத்தான் திரும்பி வரும், அப்புறம் அது மூடி வழியாகப் பொங்கி வழியும், வழிந்ததைப் பார்த்து எங்கோ லீக் என்று ஒரு நாள் முழுக்கத் தேடுவீர்கள். எல்லாக் கால்களையும் மேலே ஏற்றிவிட்டு, ஸ்லைடு அறையும் (வண்டியை நிறுத்திய பிறகு பக்கவாட்டில் வெளியே நீளும் பகுதி) அதே ஆயிலில் ஓடினால் அதையும் உள்ளே இழுத்துவிட்டு, அதற்குப் பிறகு அளவைப் பாருங்கள். என்ன ஆயில் என்பது கையேட்டில் இருக்கும், பல சிஸ்டங்களுக்கு டெக்ஸ்ரான் வகை ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில்தான். பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றவே கூடாது. ரப்பர் சீல்களை அது ஊதவைத்துக் கெடுத்துவிடும், அப்போதுதான் நல்ல ஜாக்கும் நிஜமாகவே போகும்.

சரி, பம்ப் ஓடுகிறது, ஆயிலும் இருக்கிறது, ஒரு கால் மட்டும் அசையவில்லை. இங்கே வால்வு பக்கம் போங்கள். ஒவ்வொரு ஜாக்குக்கும் ஒரு சோலனாய்டு வால்வு (கரண்ட் வந்தால் காந்தத்தால் இயங்கும் வால்வு), அதன் மேல் ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள். பட்டனை அழுத்தும்போது காயிலின் தலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் காந்தம் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்கவில்லையா, காயிலுக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்தும் இழுக்கவில்லை என்றால் பக்கத்து வால்வின் காயிலை (ஒரே மாதிரியானதாக இருந்தால்) மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி, ஆயில் ஒரு சொட்டு சிந்தாமல் விஷயம் முடிந்தது. காந்தம் நன்றாக இழுத்தும் கால் அசையாவிட்டால் வால்வுக்குள் தூசி சிக்கியிருக்கலாம். அந்தத் தூசி பல நேரம் நாமே போட்டதாக இருக்கும்: ஹோஸ் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றுவது. பிளம்பிங் பழக்கம் அது. கூம்பு முகம் உலோகத்தோடு உலோகமாக உட்காரும் இணைப்புகளுக்கு டேப் தேவையே இல்லை, அதன் நூல் பிய்ந்து வால்வுக்குள் போய் உட்காரும்.

கால் இறங்குகிறது, ஏற மறுக்கிறது என்பது வேறு கதை. பல ஜாக்குகளை இறக்குவது பம்ப், ஏற்றுவது ஸ்பிரிங். ஏற்றும்போது வால்வு திறந்து ஆயிலுக்கு வழி விடுகிறது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட சிஸ்டத்தில் பம்பை மாற்றினால் ஒரு பயனும் இல்லை. தண்டைத் துடையுங்கள், சேறும் உப்பும் காய்ந்து ஒட்டியிருந்தால் அதுவே போதும் ஜாக் திணற. துடைத்த பிறகு உலர்ந்த சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ் தடவாதீர்கள், அது பாலைவன மணலைப் பிடித்து வைத்து சீலைத் தேய்க்கும். தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றலாம், ஆனால் இழுவிசையில் இருக்கும் ஸ்பிரிங்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது பல்லைப் பறிகொடுக்கும் வேலை. படுத்து மடங்கும் வகை ஜாக் என்றால், ஏறும்போது அது பட்டென்று உதைத்து மடங்கும், அந்த வழியில் கை கால் இருக்கக் கூடாது.

ராத்திரி மட்டமாக இருந்த வண்டி காலையில் லேசாகச் சாய்ந்திருந்தால் உடனே லீக் என்று சொல்லிவிடாதீர்கள். பகலில் சூடான ஆயில் இரவுக் குளிரில் சுருங்கினாலும் அப்படி ஆகும். மென்மையான மண்ணிலோ, வெயிலில் இளகிய தாரிலோ ஜாக்கின் பாதம் அமுங்கினாலும் ஆகும். கனமான பலகையைப் பாதத்தின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறமும் தினமும் ஒரே கால் பக்கம் வண்டி தாழ்ந்தால் வால்வைச் சந்தேகப்படுங்கள்.

லீக் தேடும்போது கையால் ஹோஸைத் தடவாதீர்கள். இந்த சிஸ்டத்தில் அழுத்தம் 3,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு) வரைகூடப் போகும். ஊசிமுனை ஓட்டையில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அறுவை சிகிச்சை வரை போகிற விஷயம். அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள், நனைந்தால் அங்கேதான். பட்டுவிட்டால் வலிக்கவில்லை என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கடைசியாக, பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்படி தூக்குவது. பார்க்கிங் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களைத்தான், அவை அந்தரத்தில் நின்றால் பல டன் வண்டியைப் பிடிக்க எதுவும் இல்லை, ஜாக்குகளோடு சேர்த்து உருண்டுவிடும். ஒரு மூலையை மட்டும் தூக்கினால் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முறுக்கிக்கொண்டு முன்கண்ணாடி விரிசல் விடலாம், ஆகவே முன்னிரண்டையும் ஜோடியாக, பின்னிரண்டையும் ஜோடியாக இயக்குங்கள். டயர் மாற்றவோ கீழே படுத்து வேலை பார்க்கவோ இந்த ஜாக்குகளை நம்பக் கூடாது, கீழே போக வேண்டியிருந்தால் எடைக்கேற்ற ஸ்டாண்ட் வைத்துவிட்டுப் போங்கள். டீசல் வண்டியில் ஏர் சஸ்பென்ஷன் (வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகள்) இருந்தால் இன்னும் கவனம், காற்று இறங்கினால் வண்டி சத்தமில்லாமல் அரை அடி அளவுக்குத் தாழ்ந்துவிடும்.