பிளேட் குளிர்ந்தால் எலக்ட்ரான் குளிர்ந்துவிடாது

ஹீலியம் கலவையால் குளிர்விக்கும் டைல்யூஷன் ஃபிரிட்ஜின் திரையில் 10 மில்லிகெல்வின் (தனிப்பூஜ்யத்துக்கு மேல் ஒரு கெல்வினில் நூறில் ஒரு பங்கு) என்று வந்ததும், குறிப்பேட்டில் சாம்பிள் வெப்பநிலையும் அதுதான் என்று எழுதிவிடுகிறார்கள். குவாண்டம் சோதனைகளில் பெரிய தவறு இது. அந்த எண் ஃபிரிட்ஜின் மிகக் குளிர்ந்த பகுதியான மிக்ஸிங் சேம்பரின் பிளேட்டில் பொருத்திய தெர்மாமீட்டருடையது. உங்கள் சோதனை நடப்பதோ சிப்புக்குள் இருக்கும் எலக்ட்ரான்களில், அவை 50, ஏன் 100 மில்லிகெல்வினிலேயே நின்றுபோயிருக்கலாம்.

சாதாரண உலோகத்தில் எலக்ட்ரான்கள் படிக அதிர்வுகளுக்குத் தள்ளிவிடும் வெப்பம் வெப்பநிலையின் ஐந்தாம் அடுக்கில் மாறுகிறது. 100 மில்லிகெல்வினிலிருந்து 10-க்கு இறங்கினால் அந்த வழி ஒரு லட்சம் மடங்கு குறுகிவிடும். அதனால் சிப்பை வெள்ளிப் பசை போட்டு பிளேட்டில் அழுத்தி ஒட்டினால் மட்டும் போதாது. அந்தக் குளிரில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் வயர் வழியாகத்தான் குளிர்கின்றன, வெளியிலிருந்து வெப்பமும் மின் இரைச்சலும் உள்ளே வருவதும் அதே வயர் வழியாகத்தான், ஆகவே உங்கள் கவனத்தில் பாதியை வயருக்கே கொடுங்கள்.

அறை வெப்பநிலையிலிருந்து வயரை நேராகக் கீழே இறக்கிவிட்டு கடைசிப் பிளேட்டில் மட்டும் கட்டுவது அடுத்த தவறு. மிக்ஸிங் சேம்பரின் குளிர்விக்கும் திறன் வெப்பநிலையின் வர்க்கத்தோடு சரிகிறது, 100 மில்லிகெல்வினில் இருப்பதில் நூறில் ஒரு பங்குதான் 10-ல் கிடைக்கும். 50 கெல்வின், 4 கெல்வின், ஸ்டில் (ஹீலியம் ஆவியாகும் அறை) என்று ஒவ்வொரு தட்டிலும் செம்புக் கம்பத்தில் சுற்றி, வார்னிஷ் பூசி, வெப்பத்தை மேலேயே இறக்கிவிடுங்கள்.

சரி, வயர் குளிர்ந்துவிட்டது, இரைச்சலை வடிகட்ட ஆர்சி ஃபில்டரும் (மின்தடை-மின்தேக்கி வடிகட்டி) ஒன்று போட்டாச்சு, அப்புறமும் எலக்ட்ரான் சூடாகவே இருக்கிறதா? ஜிகாஹெர்ட்ஸ் அலைகள் அந்த ஃபில்டரைத் தாண்டி வந்துவிடுகின்றன. 1980-களில் பெர்க்லியில் இயற்பியலாளர்கள் கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் செய்த, 2025-ல் நோபல் பரிசு பெற்ற சோதனைகளில் அந்த அலைகளை உறிஞ்சும் செம்புத்தூள் ஃபில்டர்கள் இருந்தன. அவை இல்லாமல் அந்த முடிவுகளை நம்பியிருக்கவே முடியாது என்பது என் எண்ணம். ஃபில்டருக்குப் பிறகு சாம்பிள் பெட்டியில் சின்ன இடுக்கு இருந்தாலும் மேல்தட்டுகளிலிருந்து அகச்சிவப்புக் கதிர் உள்ளே விழும், அதையும் அடைத்துவிடுங்கள்.

பொருள்களிலும் ஏமாறுகிறார்கள். அலுமினியம் 1.2 கெல்வினுக்குக் கீழே மின்தடையே இல்லாத மீக்கடத்தி, அதற்கும் வெகு கீழே வெப்பத்தை அநேகமாகக் கடத்தாது. ஈயம்-வெள்ளீய சால்டரும் அப்படித்தான். வெப்பம் போகவேண்டிய இடத்தில் தங்கப்பூச்சு போட்ட செம்பும் பித்தளைத் திருகும் வையுங்கள். பித்தளை செம்பைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுருங்குவதால் குளிரக் குளிர இணைப்பு இறுகும்.

அளக்கும்போதே சூடேற்றுவதும் உண்டு. 10 மில்லிகெல்வினில் வெப்ப ஆற்றலுக்கு ஈடான மின்னழுத்தம் 0.86 மைக்ரோவோல்ட்தான், அங்கே 10 மைக்ரோவோல்ட் கொடுத்தால் நீங்கள் பார்ப்பது உங்கள் சிக்னல் கிளப்பிய சூட்டைத்தான்.

எலக்ட்ரானின் வெப்பநிலையை எலக்ட்ரானிடமே கேளுங்கள், எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகத் தாவும் சந்திகளின் மின்கடத்தலிலிருந்து அவற்றின் வெப்பநிலையைச் சொல்லும் கூலோம்ப் தடைத் தெர்மாமீட்டர் அதற்குத்தான் இருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2020-ல் சிப்பின் மேலேயும் வெளியேயும் அணுக்கரு காந்தநீக்கம் (காந்தப்புலத்தை மெல்லக் குறைத்து அணுக்கருக்களைக் கொண்டு குளிர்விப்பது) செய்து சுமார் 420 மைக்ரோகெல்வினைத் தொட்டபோது நம்பியது இந்த வகைத் தெர்மாமீட்டரைத்தான். ஃபிரிட்ஜை மெல்ல மெல்லக் குளிர்வித்து எலக்ட்ரான் வெப்பநிலையை அதற்கு எதிராக வரைந்து பாருங்கள், கோடு எங்கே தட்டையாகிறதோ அங்கேதான் உங்கள் உண்மையான எல்லை. பிறகு மேல்தட்டுகளைக் குளிர்விக்கும், ஆனால் அதிர்வு தரும் பல்ஸ் டியூபை சில நிமிடம் நிறுத்திப் பாருங்கள். எலக்ட்ரான் குளிர்ந்தால் காரணம் அதிர்வு, அசையாமல் இருந்தால் வயர்களையும் ஃபில்டர்களையும் ஒவ்வொன்றாகச் சந்தேகியுங்கள்.