தண்ணீர் பில்டர் வாங்கும் முன் ஒரு வெள்ளை வாளி

மலேசியாவில் தோட்டத்து லயத்தை விட்டுச் சுங்கை சிப்புட் ஊரில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிது. ஒரு சனிக்கிழமை மாலை, கழுத்தில் டை கட்டிய ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு கண்ணாடிக் குவளை, வயர் மாட்டிய ஒரு சின்னக் கருவி. ஒரு குவளையில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். கருவியின் கம்பிகளை இரண்டிலும் இறக்கினார். அரை நிமிடத்தில் எங்கள் தண்ணீர் காவி நிறமாகிச் சேறு போல் திரண்டது. அவருடைய குவளை அப்படியே இருந்தது. அம்மா வாயில் கை வைத்துவிட்டார். "இதைத்தான் இத்தனை நாளா குடிக்கிறீங்க" என்றார் அவர். அவர் விற்க வந்த தண்ணீர் பில்டருக்கு மாதம் 90 வெள்ளி (ரிங்கிட்), ஐந்து வருட ஒப்பந்தம். அப்பா மட்டும், "யோசிச்சுச் சொல்றோம் தம்பி" என்று அனுப்பி வைத்தார்.

அந்த வித்தை எனக்குப் பிறகுதான் புரிந்தது. கருவியின் கம்பிகளில் இரும்பு இருக்கிறது. மின்சாரம் ஓடும்போது அந்த இரும்பே கரைந்து துருவாகத் திரள்கிறது. சாதாரணத் தண்ணீரில் தாது உப்புகள் இருப்பதால் மின்சாரம் ஓடும். அவர் கொண்டுவந்தது ஆர்ஓ தண்ணீர், அதாவது நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி உப்பை நீக்கியது; அதில் அவை அநேகமாக இல்லை, அதனால் ஓடாது, நிறமும் மாறாது. அவர் குவளையில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருந்தால் அதுவும் சேறாகியிருக்கும். 90 வெள்ளியை 60 மாதத்தால் பெருக்கினால் 5,400 வெள்ளி.

ஆகவே பில்டர் வாங்க நினைப்பவர் முதலில் எடுக்க வேண்டியது பணப்பையை இல்லை, ஒரு வெள்ளை வாளியை.

முதல் வேலை: தண்ணீரைப் பாருங்கள்

இரவில் வாளியை நிரப்பி மூடி வையுங்கள். நிரப்பும்போதே தண்ணீர் பால் போல் வெளுத்திருந்து, அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி, விட்டுவிடுங்கள். காலையில் அடியில் மணலோ களிமண்ணோ படிந்திருந்தால் உங்கள் சிக்கல் வண்டல். தண்ணீர் வெட்டு முடிந்து திரும்ப வரும்போது செம்மண் நிறத்தில் வருவதும் இந்த வகைதான். குழாயின் உள்ளே படிந்து கிடந்தது கலங்கி வருகிறது.

நிரப்பும்போது தெளிவாக இருந்து, விடிந்ததும் மஞ்சளாகவோ காவியாகவோ மாறியிருந்தால் கரைந்த இரும்பு. இது பெரும்பாலும் கிணறு, ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களின் தலைவலி. இன்னொரு சோதனையும் இருக்கிறது. பால் ஊற்றாமல் ஒரு கோப்பைத் தேத்தண்ணி போடுங்கள். இரும்பு அதிகமென்றால் தேயிலையின் துவர்ப்போடு சேர்ந்து மை மாதிரி கறுத்துவிடும். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் பாட்டி போட்ட தேத்தண்ணி ஏன் அப்படி இருந்தது என்பது எனக்கு முப்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது. மலேசியக் குடிநீர்த் தரத்தில் இரும்பின் அளவு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

நீச்சல் குளம் மாதிரி வாசம் வந்தால் குளோரின். இதற்குப் பயப்பட வேண்டாம். கிருமி புகாமல் காவல் இருப்பது அதுதான். வாசலில் ஒரு சொட்டு மருந்து விட்டுத் தண்ணீரை மஞ்சளாக்கிக் காட்டுகிறவர்களும் உண்டு. குளோரின் இருக்கிறது என்று காட்டுகிறார்கள், அவ்வளவுதான். டிடிஎஸ் மீட்டரும் அப்படியே: கரைந்த உப்பைச் சொல்லும், கிருமியைச் சொல்லாது.

கிணறு, மலைத் தண்ணீர் என்றால் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். இன்னும் தோட்ட வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டப்படி, தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை. பில்டர் வாங்கும் முன் தோட்ட அலுவலகக் கிராணியிடம் (எழுத்தரிடம்) இதைக் கேட்கலாம்.

அடுத்து: எது வேண்டும், எது வேண்டாம்

வண்டலுக்கு வெள்ளைப் பஞ்சு மாதிரி உருளையாக இருக்கும் பிபி கார்ட்ரிட்ஜ் போதும். 5 மைக்ரான் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான், அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1 மைக்ரான் இன்னும் நல்லதுதானே என்று வாங்கினால், எங்கள் ஊர்த் தண்ணீருக்குச் சீக்கிரம் அடைத்துக்கொண்டு குழாய் நூல் போல வடியும்.

குளோரின் வாசத்துக்குக் கரி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன். தூளாக நிரப்பியதைவிடக் கட்டியாக அழுத்திய கார்பன் பிளாக் மேல். பெட்டியில் என்எஸ்எஃப் என்ற தரச்சான்று அமைப்பின் பெயரோடு 42 என்று இருந்தால் வாசமும் குளோரினும் குறையும் என்பதற்கான தரம். ஈயம் போன்ற, உடம்புக்குக் கெடுதலானவற்றுக்கு 53. சும்மா "என்எஸ்எஃப்" என்று மட்டும் போட்டிருந்தால் எந்த எண் என்று கேளுங்கள்.

குழாய்த் தண்ணீர் வருகிற பெரும்பாலான வீடுகளுக்கு இந்த இரண்டு உருளையும் போதும் என்பது என் கருத்து. கிருமிப் பயம் இருந்தால் மூன்றாவதாகச் செராமிக் (நுண்துளைப் பீங்கான்) உருளை, இல்லையென்றால் 0.01 மைக்ரான் அளவுக்கு வடிக்கும் யூஎஃப் சவ்வு.

ஆர்ஓ? நம் ஆற்றுத் தண்ணீரில் கரைந்த உப்பு பொதுவாகக் குறைவு. அதை எடுக்க ஒரு பெரிய மெஷின் எதற்கு? பழைய வகைகளில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும். பல்லுக்காகத் தண்ணீரில் சேர்க்கிற ஃபுளோரைடையும் அது எடுத்துவிடும். உப்பேறிய கிணறு, சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் தோண்டிய கிணறு என்றால் மட்டும் யோசியுங்கள்.

கரைந்த இரும்புக்குப் பஞ்சு உருளை உதவாது, அப்படியே தாண்டி வந்துவிடும். முதலில் தண்ணீரைப் பூவாளி மாதிரி தூவித் தொட்டியில் விழவிடுங்கள். காற்றுப் பட்டால் இரும்பு துருவாகித் திரளும். ஓர் இரவு படியவிட்டு, அப்புறம் மணல் பில்டரில் விடுங்கள்.

எங்கே மாட்டுவது

இதில்தான் நான் சரியாக மாட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வெளியே மீட்டருக்குப் பக்கத்தில் மணல் பில்டர் வைத்தபோது, "கூடவே கரியும் போட்டா முழு வீட்டுக்கும் நல்ல தண்ணி" என்று கடைக்காரர் சொல்ல, நானும் தலையாட்டினேன். ஆறு மாதத்தில் மேலே டேங்கியின் சுவரெல்லாம் வழவழவென்று பாசி மாதிரி. கரி குளோரினை எடுத்துவிட்டது. காவல் இல்லாத தண்ணீர் டேங்கியில் கிடந்து கெட்டது.

வெளியில் மணல் மட்டும். கரி சமையலறையில், குடிக்கிற குழாய்க்கு முன்னால். சமையலறைக் குழாய் டேங்கியிலிருந்து வருகிறதா, நேராகத் தெரு மெயின் குழாயிலிருந்தா என்று பார்த்துவிடுங்கள். மீட்டர் வால்வை அடைத்துவிட்டுக் குழாயைத் திறந்தால் தெரியும். தண்ணீர் சட்டென்று நின்றால் நேர் இணைப்பு. குடிநீருக்கு அதுதான் வேண்டும்.

மாட்டும் விதம்

உருளையைப் போடும் பத்து அங்குல உறை இரண்டு, சிங்குக்குக் கீழே. வரிசை: முதலில் பஞ்சு, பிறகு கரி. மாற்றிப் போட்டால் கரி உருளை வண்டலில் அடைத்துப் பாழாகும். உறையின் தலையில் அம்புக்குறி இருக்கும், தண்ணீர் அந்தத் திசையில் போக வேண்டும். மரையில் வெள்ளை டேப்பை மரை திரும்பும் பக்கமாகவே பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். உறைக்கு முன்னால் ஒரு வால்வு கட்டாயம். உறைகளுக்குக் கீழே கை நுழைய இடம் விடுங்கள், இல்லையென்றால் பின்னால் உருளையைக் கழற்ற முடியாது. சுடுதண்ணீர்க் குழாயில் மட்டும் மாட்டாதீர்கள்.

புதுக் கரி முதலில் கறுப்புத் தூள் விடும். பத்து நிமிடம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம்.

பராமரிப்பு

பில்டர் வாங்கினவர்களில் பாதிப்பேர் கைவிடுவது இங்கேதான். பக்கத்து வீட்டு அண்ணன் மூன்று வருடமாக ஒரே உருளையை வைத்திருந்தார். திறந்து பார்த்தபோது வந்த நாற்றத்தில் அண்ணி சமையலறைப் பக்கமே அன்றைக்கு வரவில்லை. பழைய கரியில் கிருமி குடித்தனம் நடத்தும். அதைவிடப் பில்டர் இல்லாமல் குடிப்பது மேல்.

பஞ்சு உருளையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஒளி புகும் உறை வாங்கினால் பழுப்பாவது வெளியிலிருந்தே தெரியும். கரிக்கு ஆறு மாதம். இதற்குக் கண் உதவாது, தேதிதான் துணை. உறையின் மேலேயே மார்க்கர் பேனாவால் தேதி எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் தைப்பூசத்துக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம், மறக்காது.

மாற்றும்போது வால்வை அடையுங்கள். பிறகு உறையின் தலையில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி அழுத்தத்தை வெளியேற்றுங்கள். முதல் தடவை நான் பொத்தானை மறந்தேன். உறை கழன்ற வேகத்தில் கீழே இருந்த அரிசி வாளி நனைந்து, அன்றைக்கு முழுக்க வசவு. ரப்பர் வளையத்தைத் துடைத்து, உணவுக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். வாசலின் தடவினால் சில வகை ரப்பர் ஊதிப் போகும். கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று, அதற்குமேல் வேண்டாம்.

செராமிக் என்றால் மாதம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் ஓடும் தண்ணீரில் தேயுங்கள், சோப்பு கூடாது. மயிரிழை விரிசல் கண்டால் தூக்கிப் போடுங்கள். கிருமியைக் கொல்லும் யூவி (புற ஊதா) விளக்கு வைத்திருந்தால், அது எரிந்துகொண்டே இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றணும், வெளிச்சம் இருக்கும், வீரியம் இருக்காது. வெளி மணல் பில்டருக்கு வாரம் ஒருமுறை பேக்வாஷ்: கைப்பிடியைத் திருப்பி, வெளியேறும் தண்ணீர் தெளியும்வரை விட்டு, அலசல் நிலையில் ஒரு நிமிடம், பிறகு பழைய நிலைக்கு.

தண்ணீர் வெட்டு முடிந்ததும் முதலில் குளியலறைக் குழாயைத் திறந்து செந்தண்ணீரை விட்டுவிடுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போய் நாலைந்து நாள் கழித்து வந்தால், குடிக்கும் முன் பில்டர் குழாயை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள்.

பில்டர் போட்ட பிறகும் காய்ச்சணுமா?

பஞ்சும் கரியும் கிருமியைக் கொல்லாது. கிணறு, மலைத் தண்ணீர் என்றால் தளதளவென்று கொதிக்கும்வரை காய்ச்சத்தான் வேண்டும். வாரியத்தின் குழாய்த் தண்ணீரை நான் காய்ச்சுவதில்லை. அம்மா காய்ச்சுகிறார். கைக்குழந்தைக்கும் காய்ச்சி ஆறவைத்ததைத்தான் கொடுக்கிறோம்.