ஈறு புற்றுநோய்: பல்லைப் பிடுங்கும் முன் பார்க்க வேண்டியவை

வாய்க்குள் வரும் புற்றுநோய்களில், ஈறில் வருவதைத்தான் நாம் நெடுநாள் பல்வலி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாக்கில் வந்த புண், பேசும்போதும் விழுங்கும்போதும் உறுத்தி நம்மை மருத்துவரிடம் அனுப்பிவிடும். ஈறில் வந்ததோ இரத்தக் கசிவாகவும் வீக்கமாகவும் ஆடும் பல்லாகவும் மட்டுமே தெரிவதால், உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, கிராம்புத் தைலம் வைத்து, கடைசியில் பல்லையும் பிடுங்கிவிட்டு, அதன் பிறகும் குழி ஆறவில்லை என்ற நிலையில்தான் பலர் உரிய இடத்துக்கு வந்து சேருகிறார்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில், இந்த நோயை வீட்டிலேயே எப்படிச் சந்தேகப்படலாம், சந்தேகம் வந்தால் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஈறு என்பது தாடை எலும்பின் மேல் நேராக ஒட்டிக் கிடக்கும் மெல்லிய திசு. கன்னத்திலும் நாக்கிலும் இருப்பதைப் போல அதற்கு அடியில் தடித்த தசை கிடையாது; சில மில்லிமீட்டர் தாண்டினாலே எலும்பு வந்துவிடும். ஈறின் மேற்பரப்பில் உள்ள செதிள் போன்ற தட்டையான உயிரணுக்கள் கட்டுப்பாடு இழந்து பெருகுவதில்தான் பெரும்பாலான ஈறு புற்றுநோய்கள் தொடங்குகின்றன. அந்தப் பெருக்கம் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாக வேரை ஒட்டிக் கீழே இறங்கி, பல்லைப் பிடித்து நிறுத்தியிருக்கும் எலும்பை அரிக்கும்போது பல் ஆடுகிறது. அந்த நேரத்தில் பல்லை எடுத்துவிட்டால் தொந்தரவு ஓய்ந்தது போலத் தோன்றும். ஆனால் பல் இருந்த குழியே நோய் எலும்புக்குள் இறங்குவதற்கு வழியாகிவிடக்கூடும். மேல் ஈறைவிடக் கீழ் ஈறிலும், முன்பற்களைவிடக் கடைவாய்ப் பற்களின் பக்கத்திலும் இது அதிகம் காணப்படுகிறது. பல் துலக்கும்போது கண்ணாடியில் தெரியாத இடம் அது.

யாருக்கு வருகிறது?

செட்டிநாட்டில் இதைப் பற்றி எழுதுகிறவர் வெற்றிலைச் செல்லத்தை, அதாவது வெற்றிலை பாக்குப் பெட்டியை, பேசாமல் விட முடியாது. பாக்குவெட்டியால் கொட்டைப்பாக்கைச் சீவி, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையில் வைத்து, ஒரு கிள்ளுப் புகையிலையும் சேர்த்து மடித்துக் கடைவாயில் அதக்கிக்கொள்வது இங்கே மூத்தவர்கள் பலருக்குச் சிறுவயதில் தொடங்கிய பழக்கம். அதக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும்: கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளம் அது. அந்தச் சாறு மணிக்கணக்காக அதே இடத்தில் ஊறுகிறது. நம் நாட்டில் கன்னமும் ஈறும் சேரும் அந்தப் பள்ளத்தில் புற்றுநோய் மிகுதியாக வருவதால், மருத்துவ நூல்களில் அதை 'இந்திய வாய்ப் புற்றுநோய்' என்றே குறிப்பிடுவதுண்டு.

"புகையிலையை விட்டுட்டேன் தம்பி, இப்ப வெறும் பாக்குதான்" என்று சொல்லும் ஆச்சிமார்களிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2004ஆம் ஆண்டில் பாக்கையே மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. புகையிலை சேராத தாம்பூலமும் அந்த வகைப்பாட்டில் அடங்கும். தமிழ்நாட்டில் குட்காவும் புகையிலை கலந்த பான் மசாலாவும் 2013ஆம் ஆண்டிலிருந்து தடை செய்யப்பட்டிருந்தாலும் இளைஞர்களின் வாயில் அவற்றின் சுவடுகளை நான் இன்றும் பார்க்கிறேன். புகையிலையோடு மதுவும் சேரும்போது ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது.

பாக்குப் பழக்கம் உள்ளவர்களுக்குப் புற்றுநோய்க்கு முன்பாகவே ஓர் அறிகுறி வரக்கூடும். வெள்ளைப் பணியாரத்துக்குத் தொட்டுக்கொள்ளும் காரச் சட்னியை நேற்றுவரை ரசித்துச் சாப்பிட்டவருக்கு, இன்று அது நாக்கில் பட்டாலே வாயெல்லாம் எரியும். கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைக்கும். வாய் திறப்பது நாளடைவில் குறையும். நெட்டுவாக்கில் மூன்று விரல்களை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைக்க முடியவில்லை என்றால் பாக்கை அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த வாய் இறுக்க நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் புற்றுநோய் வருகிறது.

எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும், குறிப்பாக வயதான பெண்களுக்கும் ஈறு புற்றுநோய் வருவதுண்டு. ஆகவே "நமக்கென்ன பழக்கமா இருக்கிறது" என்று அறிகுறியை ஒதுக்கக்கூடாது.

வீட்டில் பார்க்கும் முறை

மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம் போதும். வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், வெளிச்சம் நன்றாக விழும் நேரத்தில் வாயைக் கொப்பளித்து, பல்செட்டு இருந்தால் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கண்ணாடியும் செல்போன் விளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு வீட்டிலுள்ள இன்னொருவர் பார்ப்பது நல்லது. ஒரு கரண்டிக் காம்பால் கன்னத்தை வெளிப்பக்கமாக விலக்கி, மேல் ஈறின் ஒரு கோடியில் தொடங்கி மறு கோடிவரை போய், கீழ் ஈறுக்கு இறங்குங்கள். வெளிப்புறம் முடிந்ததும் நாக்கை ஒதுக்கி ஈறின் உட்புறத்தைப் பாருங்கள். கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விளக்கை அங்கே திருப்புங்கள். பார்த்து முடித்த பிறகு கையைக் கழுவிவிட்டுச் சுட்டுவிரலால் ஈறைத் தடவிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் இடம் விரலுக்குக் கட்டியாகத் தட்டுப்படலாம். பிறகு தாடைக்குக் கீழும் கழுத்தின் இரு பக்கமும் விரல்களை மெல்ல அழுத்தி நகர்த்திப் பாருங்கள். வலியில்லாமல் கெட்டியாக, வாரக்கணக்கில் கரையாமல் இருக்கும் நெறிக்கட்டியை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம்மவர்களின் ஈறில் கருமையோ பழுப்போ படர்ந்திருப்பது பெரும்பாலும் இயல்பான நிறமே. பிறந்ததிலிருந்து இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்து வரும் கருமையைக் கண்டு பயந்து வருகிறவர்கள் அதிகம் என்பதால் இதைச் சொல்கிறேன். ஒரே ஓர் இடத்தில் புதிதாகத் தோன்றி மாறிக்கொண்டே வரும் நிறம் வேறு. அதைக் காட்ட வேண்டும்.

சந்தேகப்பட வேண்டியவற்றுள் முதலாவது, துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. வழவழப்பாகவோ மணல்மணலாகவோ இருக்கும் சிவப்புத் திட்டு அதைவிடக் கவலைக்குரியது, ஏனெனில் அவற்றில் புற்று மாற்றம் இருப்பதற்கான வாய்ப்பு வெள்ளைத் திட்டைவிட அதிகம். ஓரம் தடித்து மேடாகி அடி கெட்டியாக இருக்கும் புண், தொட்டால் இரத்தம் கசியும் பூக்கோசு போன்ற சதை வளர்ச்சி, காரணம் தெரியாமல் கீழ் உதடும் தாடையும் மரத்துப்போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக்கூடாது. பல் பிடுங்கிய குழி மூன்று வாரமாகியும் மூடாமல் அதிலிருந்து சதை பிதுங்கினாலும் அப்படியே. ஆரம்ப நிலையில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. வலிக்கவில்லை என்பதாலேயே பலர் ஆறு மாதத்தைக் கடத்திவிடுகிறார்கள், என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

சாதாரண ஈறு நோயிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சாதாரண ஈறு நோய் பெரும்பாலும் பல பற்களைச் சேர்ந்தாற்போல் பிடிக்கும், காறை படிந்திருக்கும், பல்லைச் சுத்தம் செய்தால் ஓரிரு வாரத்தில் வீக்கமும் கசிவும் குறையும். மற்ற பற்கள் உறுதியாக இருக்க ஒரு பல் மட்டும் ஆடுவதும், சுத்தம் செய்த பிறகும் ஒரே இடம் மட்டும் அடங்காமல் இருப்பதும் வேறு கதை. வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை சாப்பிடுவதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதற்குத் தவணை இரண்டு வாரம். சாதாரண வாய்ப்புண் அதற்குள் ஆறிவிடும், ஆறாததை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி, கீழ்ப் பல்செட்டு உரசுகிறது, அதைக் கொஞ்சம் ராவிக் கொடுத்தால் போதும் என்று வந்தார்கள். பல வருடமாகப் பொருந்தியிருந்த செட்டு. அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோது, வலது பக்கத்து ஈறு மேட்டில் விரல் நகம் அளவுக்குச் சிவந்து, ஓரம் மட்டும் வெளுத்து, தொட்டால் கெட்டியாக ஓர் இடம் இருந்தது. செட்டு உரசி வந்த புண் என்றால் செட்டைக் கழற்றி வைத்த சில நாட்களில் ஆறத் தொடங்க வேண்டும். இரண்டு வாரம் கழற்றி வைக்கச் சொல்லித் திரும்பப் பார்த்தேன். அந்த இடம் அப்படியே இருந்தது. திசுப் பரிசோதனையில் புற்றுநோய் என்று உறுதியானது. அளவு சிறியதாக இருந்ததால், தாடை எலும்பின் மேல் விளிம்பை மட்டும் எடுத்து, கீழ்ப் பகுதியைக் காப்பாற்ற முடிந்தது. பொருந்திக்கொண்டிருந்த பல்செட்டு திடீரென்று பொருந்தாமல் போனால், குறை செட்டில் இருக்கிறதா ஈறில் இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது

ஒற்றைப் பல் ஆடுகிறது, பிடுங்கலாம் என்று சொல்லப்பட்டால், "எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் பிடுங்கலாமா? ஈறில் சந்தேகம் இருந்தால் பயாப்சி எடுக்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். பயாப்சி என்பது மரத்துப்போக ஊசி போட்டுச் சந்தேகமான இடத்தின் ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டு திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம் நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. திசுவைப் பார்க்காமல் புற்றுநோய் என்று உறுதிசெய்யவும் முடியாது, இல்லை என்று தள்ளவும் முடியாது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை தொற்றா நோய்த் திட்டத்தின் கீழ் உண்டு. அடுத்த கட்டத்துக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியும், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954ஆம் ஆண்டில் தொடங்கச் செய்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர்; தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, ஆதார், குடும்ப அட்டை, முன்பு எடுத்த எக்ஸ்ரே, திசு அறிக்கை ஆகியவற்றை ஒரே பையில் கொண்டுபோனால் அலைச்சல் குறையும்.

நோய் உறுதியான பிறகு எலும்புக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது, கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் போயிருக்கிறதா என்பதை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்ப்பார்கள். ஈறு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைதான் முதன்மை. எலும்பின் மேற்பரப்போடு நின்றிருந்தால் விளிம்பை மட்டும் எடுக்கலாம்; உள்ளே ஊடுருவியிருந்தால் தாடையின் ஒரு துண்டையே எடுத்து, பல சமயம் காலிலுள்ள மெல்லிய எலும்பைக் கொண்டு அந்த இடத்தை நிரப்புவார்கள். நிலையைப் பொறுத்துக் கதிர்வீச்சும் மருந்தும் சேரும். கதிர்வீச்சுக்கு முன்பே கெட்டுப்போன பற்களை எடுத்துப் புண் ஆறவிட வேண்டும். கதிர்வீச்சு பெற்ற தாடை எலும்பு எத்தனை ஆண்டு ஆனாலும் எளிதில் ஆறுவதில்லை என்பதால், பிற்பாடு அந்தப் பக்கத்துப் பல்லைத் தொடும் முன் சிகிச்சை அளித்தவர்களைக் கேட்டாக வேண்டும்.

முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். அதன் பின் இடைவெளி கூடும். நன்றாக இருக்கிறோம் என்று அந்த வருகைகளை நிறுத்திவிடாதீர்கள். பல வருடம் பாக்கும் புகையிலையும் பட்ட வாயில், பழைய நோய் முற்றிலும் குணமான பிறகும் வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று தோன்றலாம். மெல்லுவதைத் தொடர்ந்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். தனியாக விட முடியாதவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண்ணில் புகையிலையை விடுவதற்கான ஆலோசனை பெறலாம்.