பெரிய கொம்பும் தாரையும்: செய்வோரும் ஊதுவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டுக் கோயில் விழாக்களில் கொம்பு, தாரை, எக்காளம் ஆகிய உலோக ஊதுகருவிகளை ஊதும் அடியார் கூட்டங்கள் பெருகப் பெருக, "ஊரிலேயே பெரியதாக ஒன்று வேண்டும்" என்று பித்தளைப் பட்டறைகளில் கேட்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். நீளம் கூடினால் ஓசை கூடும் என்னும் இந்த நம்பிக்கைதான் முதல் தவறு. நீளம் தீர்மானிப்பது சுருதியைத்தான். ஆறடிக் குழலைப் பன்னிரண்டு அடியாக்கினால் அடிச்சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்; தாழ்ந்த ஒலியை நம் காது மங்கலாகவே வாங்குவதால், பறைகளுக்கு நடுவே அந்தச் சுரம் கரைந்துபோகும்.

துளையில்லாத குழலில் ராகம் எதிர்பார்ப்பது அடுத்த தவறு. அடிச்சட்ஜம், அதன் மேல்சட்ஜம், பஞ்சமம், மீண்டும் சட்ஜம், அந்தர காந்தாரம் என்று இயற்கை வகுத்த படிகளில் மட்டுமே அது ஏறும். இந்த இடைவெளிகளை நிரப்பத்தான் மேல்நாட்டார், விரலால் அழுத்திக் குழலின் நீளத்தை மாற்றும் வால்வு பொருத்தினார்கள். 1835இல் பெர்லினில் காப்புரிமை பெற்ற டியூபா என்னும் பெரிய பித்தளை ஊதுகருவி அப்படிப் பிறந்ததுதான். இன்றைய பெரிய டியூபாவின் குழலை நீட்டினால் ஏறத்தாழ 18 அடி வரும். கொம்பின் அழகோ தாளத்தோடு இணைந்து முழங்குவதில் இருக்கிறது. அதற்கு வால்வு வேண்டியதில்லை.

செய்முறையில் அவசரத்தால் கெடுவது வளைப்பு. வெற்றுக் குழலை வளைத்தால் உட்புறம் மடிந்து நசுங்கும் என்பதால் ஈயமோ குங்கிலியமோ மணலோ நிரப்பி வளைக்கிறார்கள். ஈர மணலை அடைத்து இரு முனையையும் மூடிச் சூடேற்றினால் நீராவி குழலையே பிளந்துவிடும்; மணலை முன்னரே வறுத்துக்கொள்ள வேண்டும். பற்றாசு வைத்து ஒட்டிய மூட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் சில சுரங்கள் பிடிபடாமல் வழுக்கும். வாங்கும் முன் ஒரு முனையை அடைத்து, குழலை நீரில் அமிழ்த்தி, மறுமுனையில் ஊதிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிடலாம்.

பலரும் கவனிக்காத தவறு, விழா முடிந்ததும் கொம்பை மாட்டுக் கட்டுத்தறியின் எரவாணத்தில் செருகி வைப்பது. மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால், தட்டி வளைத்ததால் உள்ளே இறுக்கம் தங்கிய பித்தளை, யாரும் தொடாமலேயே விரிசல் விடும். பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் மழைக்காலத்தில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் இப்படி விரிசல் விட்டுப் படையினரைத் திகைக்க வைத்தன. அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. தட்டி முடித்த குழலை ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து மெல்ல ஆறவிட்டால் அந்த இறுக்கம் தளரும். ஈயப்பற்று வைக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும், ஏனெனில் அந்தச் சூட்டை ஈயப்பற்று தாங்காது. திருப்பூர் அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்காரர்களுக்குத் தட்டத் தட்டத் தகடு முறுகுவதும் சூட்டில் இளகுவதும் கைப்பழக்கம். கொம்பு செய்யக் கொடுக்கும் நாம்தான் அவசரப்படுத்துகிறோம்.

ஊதுவோர் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே: குழலின் பாரத்தை உதட்டில் சாய்ப்பது. உதடு அதிர்ந்தால்தான் ஓசை உண்டு. அழுத்தினால் இரத்தம் ஓடாமல் உதடு மரத்து, அரை மணி நேரத்தில் வெறும் காற்றே வரும். பாரத்தைத் தோளிலோ கவைக்கோலிலோ தாங்கச் செய்து, கன்னத்தை உப்பாமல், மூச்சை வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். தாழ்ந்த சுரம் காற்றை வாரிக் குடிக்கும். ஆகவே ஊர்வலத்தில் இரண்டு பேராவது மாறி மாறி ஊதும்படி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.